பாடவாரி நோட்டுகளும் பொது ஏடும்: வள்ளூர்ப் பகுதிப் பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தபோது, புத்தகச் சுமையைக் குறைக்கும் பொருட்டுத் தமிழும் ஆங்கிலமும் ஒரு தொகுதியாகவும், கணிதமும் அறிவியலும் சமூக அறிவியலும் மற்றொரு தொகுதியாகவும் வெளியிடப்பட்டன. ஆயின் நூல்களை ஒன்றாகத் தைத்த அச்சீர்திருத்தம் மாணவன் எழுதும் நோட்டின் பக்கம் திரும்பவே இல்லை. பாடத்துக்கொரு நோட்டு, அதிலும் வீட்டுப்பாடத்துக்குத் தனி நோட்டு என்னும் வழக்கம், திருத்துவோரின் சௌகரியத்தாலும் பார்வையிட வருவோரின் திருப்தியாலும் நிலைபெற்றதேயன்றிக் கற்பவனின் பிரயோஜனத்தைக் கருதி ஏற்பட்டதாகத் தோன்றவில்லை.

ஆங்கில எழுத்துப் பழகும் குழந்தைக்கு நாலுகோடு நோட்டும், இடமதிப்புப் பிசகாமல் இலக்கங்களை அடுக்கப் பழகுபவனுக்குக் கட்டம்போட்ட நோட்டும் அவசியமே. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் கருதிய மூன்று வகுப்பினரை, பல பாடங்களையும் ஒரே பொது ஏட்டில் எழுதலாம் என்னும் இவ்வாதத்திலிருந்து விலக்கிவிடுவோம்.

கை பழகியவனின் நிலை வேறு. வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை இடப்பக்கத்தில் வரைந்து, 500 மெகாவாட் திறனுள்ள அலகுகள் மூன்றென்பதைப் பெருக்கி 1500 என்று எழுதி, ஒடிசா நிலக்கரி கப்பலேறி எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் இறங்கும் மார்க்கத்தைக் கடற்கரைப் படத்தில் குறித்து, கொதிகலனில் நீர் ஆவியாகிச் சுழலியை ஓட்டுவதையும் எரிந்தபின் சாம்பல் எஞ்சுவதையும் ஒரு மாணவன் வலப்பக்கத்தில் தன் சொந்த வாக்கியங்களால் விவரிப்பானாயின், அஃது எப்பாடத்து நோட்டில் இடம்பெற வேண்டும்? இன்றைய ஏற்பாட்டின்படி அது நான்கு நோட்டுகளில் சிதறும். ஒன்றில் கண்டது மற்றொன்றோடு சேராது. தொழிலை நடுவில் நிறுத்திப் பாடங்களை அதனோடு இணைக்கும் ஆதாரக் கல்விக் கொள்கையை 1937இலேயே வார்தா மாநாடு ஆராய்ந்தது. அவ்விணைப்பு நிகழ்வதற்குரிய தாள் மட்டும் இன்றளவும் வகுப்பறைக்கு வரவில்லை. (மாணவர் ‘ரஃப் நோட்டு’ என்று சொல்லும் அந்த அழுக்கேறிய நோட்டில் எல்லாப் பாடங்களும் கூடியே வாழ்கின்றன, அதனை எவரும் திருத்துவதில்லை.)

நிலக்கரியைப் போலவே ஒடிசாவிலிருந்து ஆண்டுதோறும் மனிதரும் வருகின்றனர். அறுவடை முடிந்தபின் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவில் சேர்ந்து, அது முடியுந் தறுவாயில் பிரிகிறார்கள். ஐந்து நோட்டு வைத்துக்கொள்ளும் அத்தகைய பிள்ளைக்கு ஐந்தும் சில பக்கங்களோடு நின்றுபோகும். ஒரே ஏட்டில் எழுதினாலோ, அவன் கற்றது முழுவதும் ஊருக்கு அவனோடு செல்லும், அங்குள்ள ஆசிரியரும் புரட்டிப் பார்க்கலாம்.

ஓர் ஏடு தொலைந்தால் அனைத்தும் தொலையுமே என்னும் ஆட்சேபம் வலுவுடையது. ஏட்டை வகுப்பு அலமாரியில் வைத்தல் அதற்கு ஓரளவே பரிகாரம். திருத்துவது கடினம் என்னும் ஆட்சேபமோ அத்துணை வலுவுடையதன்று: முதற்பக்கத்தில் பொருளடக்கமும், ஓரத்தில் பாடக் குறியும் இருந்தால் போதும். முப்பருவ முறையே 100க்கு 40 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கியிருத்தலின், இத்தகைய பணிக்கு மதிப்பெண் இடவும் தடையில்லை.

ஆகவே, நோட்டுகளை எண்ணி ஆசிரியரின் உழைப்பை அளக்கும் பார்வையாளர் வழக்கத்தை முதற்கண் கைவிட்டு, கணிதப் பயிற்சிக்கு மட்டும் தனி நோட்டை நிறுத்திக்கொண்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஒன்றியங்களின் நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பருவம் பொது ஏட்டைக் கையாண்டு பார்க்கக் கல்வித் துறை அனுமதி அளித்தல் வேண்டும்.