எண்பதும் நூற்றெழுபதும் ஒன்றா?

1939 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. தென் அரைக்கோளத்தில் அது கடுங்கோடை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அந்தக் கோடையில் பரவிய காட்டுத் தீயில் 71 பேர் மாண்டனர். சுமார் 20 லட்சம் ஹெக்டேர் நிலம் கருகியது. 'கறுப்பு வெள்ளி' என்று இன்றும் வழங்கும் அந்த நாள், பின்னர் ஓர் அளவுகோலின் உச்சியாயிற்று.

தீ எங்கே மூளும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. மூண்டால் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைக் கணக்கிடலாம். ஆலன் மக்ஆர்தர் என்ற வனவியலாளர் தாமே சிறு தீக்களை மூட்டி அளந்து, 1960-களில் இதற்கு ஒரு வட்டத் தகட்டை அமைத்தார். அது நாம் அறிந்த ஸ்லைடு ரூல் போன்றதே. வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், காற்றின் வேகம், வறட்சி ஆகியவற்றைப் பொருத்தித் தகட்டைத் திருப்பினால் அபாயக் குறியீடு கிடைக்கும். கறுப்பு வெள்ளியின் நிலையே 100. ஐம்பதுக்கு மேற்பட்ட எல்லாவற்றிற்கும் 'மிகக் கடுமை' என்ற ஒரே சொல்தான். அதைவிட மோசமான நாளை யார் எதிர்பார்த்தார்கள்?

1983 பிப்ரவரி 16-இல் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 75 பேர் இறந்தனர். மாலையில் காற்று திடீரெனத் திசை மாறவே, நீண்டு ஓடிய தீயின் பக்க விளிம்பு முழுவதும் முன்வரிசையாக மாறியதுதான் பலரைப் பலிகொண்டது. எரிந்த வீடுகளை ஆய்ந்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பெரும்பாலான வீடுகளைப் பற்றவைத்தவை கங்குகள்! நீலகிரியில் நமக்குப் பழக்கமான தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததே. அதன் இனத்தில் பல மரங்களின் பட்டை நாடா நாடாகத் தொங்கும். எரியும் பட்டைகளை வெப்பக் காற்று மேலே தூக்கித் தொலைவில் வீசுகிறது. அவை கூரையோரத் தகரக் கால்வாயில் கிடக்கும் சருகிலும், ஓட்டின் இடுக்கிலும் விழுந்து மெல்லப் புகைகின்றன. தீயின் முன்வரிசை ஓரிடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். வீடு பற்றுவதோ பல வேளைகளில் அதற்குப் பிறகுதான். ஆகவே உடல் வலுவுள்ள ஒருவர் வாளியும் ஈரத் துணியுமாக உள்ளே இருந்தாலே பல வீடுகள் தப்பின. கடைசி நேரத்தில் காரில் ஓடியவர்களோ சாலையிலேயே சிக்கினர்.

இதிலிருந்து பிறந்தது அரசின் அறிவுரை: வீட்டை ஆயத்தம் செய்து நின்று காத்திடுக, அல்லது வெகு முன்னதாகவே வெளியேறுக. சருகை அகற்றுதல், திறப்புகளுக்குக் கம்பி வலை அடித்தல், குழாய்நீர் நின்றுவிடும் என்பதால் தனித் தொட்டியும் எஞ்சின் பம்பும் வைத்தல், உருகி ஒட்டும் நைலானை விடுத்துக் கம்பளி உடுத்துதல் என எல்லாம் சொல்லப்பட்டன. என் கருத்தில், இவை அத்தனையும் நல்ல பௌதிகமே.

2009 பிப்ரவரி 7. மெல்போர்னில் 46.4 டிகிரி செல்சியஸ். குறியீடு பல இடங்களில் நூறைத் தாண்டி எங்கோ சென்றது. கங்குகள் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் புதுத் தீ மூட்டின. மாண்டோர் 173 பேர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வீடுகளுக்குள்ளேயே இறந்தனர். நன்கு ஆயத்தம் செய்து தங்கியவர்களும் அவர்களில் உண்டு. கதிர்வீச்சு வெப்பம் கண்ணாடியை உடைத்துவிட்டால் வாளித் தண்ணீர் எதற்கு ஆகும்?

மக்ஆர்தரின் சூத்திரத்துக்கு மேல்வரம்பு இல்லை. தகட்டில்தான் எண்கள் முடிந்திருந்தன. எண்பதுக்கும் நூற்றெழுபதுக்கும் ஒரே சொல்லைக் கேட்ட குடும்பம் எப்படி வேறுபாட்டை அறியும்? விசாரணைக் குழு கூடியது. 'மிகக் கடுமை' மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நூறும் அதற்கு மேலும் 'பேரழிவு' நிலை. அன்று எந்த வீட்டையும் நம்பவேண்டாம், முந்திய இரவோ விடியற்காலையோ வெளியேறுக என்று அறிவுரை மாறியது. 2022 செப்டம்பரில் மக்ஆர்தர் குறியீட்டுக்குப் பதில் நாடு முழுவதற்கும் நான்கே படிகள் கொண்ட புதிய முறை வந்தது. 'பேரழிவு' என்ற மேற்படி அதிலும் இருக்கிறது. முதியோரையும் குழந்தைகளையும் எந்த உறவினர் வீட்டுக்கு, எந்தச் சாலை வழியே அனுப்புவது என்பதை அங்குள்ள குடும்பங்கள் கோடை தொடங்குமுன்பே தாளில் எழுதி வைக்கின்றன.