போலி மறதிநோய்

முதியவர்களின் கடும் மனச்சோர்வு, டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் சாயலில் வெளிப்படும் நிலை. மனநல மருத்துவர் லெஸ்லி கைலோ 1961இல் எழுதிய கட்டுரை இப்பெயரைப் பரப்பியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைச் சார்லஸ் வெல்ஸ் 1979இல் தொகுத்தார். பெயர் அவ்வளவு பொருத்தமில்லை: நோயாளி நடிப்பதில்லை, மறதி மெய்யானதே.

மனச்சோர்வின் தொடக்கத்தை வீட்டார் ஏறக்குறையச் சரியாகச் சொல்வார்கள்: “அம்மா போன பிறகுதான் அப்பா இப்படி.” சில வாரங்களிலேயே நிலை மோசமாகிவிடும். அல்சைமர் நோய் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருவது. எப்போது தொடங்கியது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். யார் முறையிடுகிறார் என்பதும் முக்கியம். மனச்சோர்வுற்றவர் தம் மறதியைத் தாமே சொல்லி வருந்துவார். மறதிநோயாளியை மகளோ மருமகளோ அழைத்து வருவார். அவரோ தமக்கு ஒன்றுமில்லை என்பார். இன்று என்ன கிழமை என்று கேட்டால் முன்னவர் முயலாமலே “தெரியலையே” என்று விட்டுவிடுவார். பின்னவர் தவறான கிழமையைத் தயங்காமல் சொல்வார், அல்லது “ரிட்டயர் ஆனவனுக்குக் கிழமை எதுக்கு?” என்று சமாளிப்பார்.

பழகிய தெருவில் வழி தவறுவதும் தெரிந்த பொருளின் பெயர் வாய்க்கு வராததும் மறதிநோயைச் சுட்டும். பசியின்மை, விடியுமுன் விழிப்பு, பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் மனச்சோர்வைச் சுட்டும். ஆனால் மறதிநோயிலும் எதிலும் நாட்டமில்லாத நிலை வரும். துயரமில்லாத அந்த ஒதுக்கத்தை மனச்சோர்வு என்று தவறாக எண்ணுவோர் உண்டு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் அரிதல்ல. “வயசானா அப்படித்தான்” என்ற ஒரே சொல்லில் இரண்டையும் தள்ளிவிடுவதே பெரிய தவறு.

முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்விகளுக்கு நோயாளியே ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். மறதி முற்றியவரிடம் அது பலிக்காது. 1988இல் வந்த கார்னெல் அளவுகோல் பராமரிப்பவரையும் விசாரிக்கும். தைராய்டு, பி12 குறைபாடுகளுக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். மாத்திரைச் சீட்டையும் பார்க்க வேண்டும்: மனச்சோர்வுக்கே தரப்படும் அமிட்ரிப்டிலின் முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியது.

சிகிச்சையில் மனச்சோர்வு தணிந்தால் பலருக்கு நினைவு தெளியும். ஆயினும் அலெக்சோபௌலோஸ் குழு 1993இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், அப்படித் தெளிந்தவர்களில் 43 விழுக்காட்டினருக்குப் பின்னர் மீளாத மறதிநோய் வந்தது. நினைவுக் குறைவின்றி மனச்சோர்வு மட்டும் இருந்தவர்களில் அது 12 விழுக்காடு. எனவே குணமடைந்தவருக்கும் தொடர்ந்த நினைவுப் பரிசோதனை தேவை.