காட்டுப் பறவைகளும் கொள்ளைநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

பறவைக் காய்ச்சலைப் பரப்புவன காட்டுப் பறவைகளே என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. ஆயின், அந்நோயின் வரலாற்றைக் காலமுறைப்படி நோக்குமிடத்து, குற்றஞ் சாட்டப்பட்ட பறவைகளே பேரிழப்புக்கும் உள்ளாயின என்பது புலனாகும்.

1878 இல் இத்தாலிய அறிஞர் பெரொன்சிற்றோ, கோழிகளைக் கூட்டங் கூட்டமாக மாய்க்கும் நோயொன்றை விவரித்தார். அதனை விளைப்பது இன்புளுவென்சா வைரசே என்பதை 1955 இல் யேர்மனிய அறிஞர் ஷேபர் நிறுவினார். அதுவரை அது வளர்ப்புக் கோழிகளின் நோயாகவே கருதப்பட்டது. 1961 இல் தென்னாபிரிக்கக் கரையோரத்தில் 1,300 ஆலாக்கள் வரையில் மடிந்தன. காட்டுப் பறவைகள் இந்நோயால் பெருந்தொகையாக மாண்டமைக்கு முதற் சான்று இதுவே. எனினும், அவ்வழிவு தொடரவில்லை.

பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், இன்புளுவென்சா வைரசுகள் காட்டுத் தாராக்களின் குடலிற் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வதைப் புலப்படுத்தின. நெருக்கமாக வளர்க்கப்படும் கோழிகளிடையே புகும்போது, அவற்றுட் சில மாற்றமடைந்து, உடலுறுப்புகள் அனைத்தையுந் தாக்கும் வலிமை பெறுகின்றன. நோயின் கொடுமை பண்ணையிலேயே முதிர்கின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1996 இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்து வளர்ப்பு வாத்துகளிற் கண்டறியப்பட்ட எச்5 என்1 வைரசு, மறு ஆண்டில் ஹொங்கொங்கில் 18 பேரைத் தொற்றி, அறுவரைப் பலிகொண்டது. அதன் வழிவந்த வைரசு 2005 இல் சிங்காய் ஏரியில் 6,000 இற்கு மேற்பட்ட பறவைகளை அழித்தது. இமயத்தைக் கடந்து வலசை செல்லும் வரித்தலை வாத்துகளே அவற்றுட் பெரும்பாலன. பண்ணையிலிருந்து வெளிப்பட்ட நோய் அதன்பின் வலசைப் பாதைகளிலும் பயணஞ் செய்தது.

2021 முதல் ஸ்கொத்லாந்தின் பெருஸ்குவாக்கள் மடியலாயின. பிரித்தானியாவிற் கணக்கெடுக்கப்பட்ட இடங்களில் அவற்றின் தொகை 76 சதவீதத்தால் வீழ்ச்சியுற்றது. ஏழு வயதளவிலே இனம்பெருக்கத் தொடங்கி, ஆண்டுக்கு இரு முட்டைகளே இடும் இப்பறவை, இழந்த தொகையை எளிதில் மீட்கவியலாது. 2022 இல் பெருநாட்டின் கூழைக்கடாக்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டன. 2023 இல் நோய் தென் ஜோர்ஜியத் தீவையும் எட்டியது.

காட்டுப் பறவைகளைக் கொல்வது தீர்வாகாதென ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2004 இலேயே எச்சரித்தது. அவை இன்று நோயைக் காவுகின்றன என்பது உண்மையே. ஆயினும் அக்கொடிய சுமையை அவற்றின்மீது ஏற்றியது மனிதனின் பண்ணையே. எனவே, காவல் தொடங்கவேண்டிய இடம் ஏரிக்கரையன்று, கோழிக்கூடேயாகும்.