புறக்கூட்டின் விரிசலும் விற்றவர் வாக்குறுதியும்

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே எழும் வழக்குகளுள் மிகத் தொன்மையானது ஒன்றுண்டு. வாங்கிய பொருளில் ஒரு குறை வெளிப்படுகிறது. அக்குறை விற்ற நாளிலேயே பொருளினுள் மறைந்திருந்ததா, அன்றி வாங்கியவர் கைக்கு வந்தபின் உண்டாயிற்றா? கேட்பதற்கு எளிய வினா. இதற்கு விடை காணும் முயற்சியில் சட்டம் வல்லார் ஈராயிரம் ஆண்டுகளைச் செலவிட்டிருக்கின்றனர். அவ்வினா இன்று நம் இல்லங்களில் மடிக்கணினியின் புறக்கூட்டை முன்னிட்டு எழுகின்றது.

வாங்கி ஓராண்டும் நிரம்பாத கணினியின் கீலருகே மயிரிழை போன்றதொரு கீற்றுத் தென்படும். முதலில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சில வாரங்களில் அது விரிந்து, மூடியைத் திறக்கும்போதெல்லாம் நெறுநெறுவென்று ஒலி எழும். பின்னர்த் திரையின் அடிப்பகுதியே பிளந்து நிற்கும். உத்தரவாதச் சீட்டு கையில் இருக்கிறது என்ற துணிவுடன் நிறுவனத்தாரின் சர்வீஸ் சென்டருக்குச் சென்றால், அங்கிருப்பவர் இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உபயோகித்தவரால் நேர்ந்த சேதம், வாரண்டியில் வராது" என்று கூறிவிடுவார். மகனின் கல்லூரிப் படிப்புக்கென்று தவணையில் வாங்கிய பொருள் அது. தவணை தீருமுன்னரே கூட்டை மாற்றுவதற்கென்று மீண்டும் ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். 'உபயோகித்தவரால் நேர்ந்த சேதம்' என்னும் அத்தீர்ப்பை வழங்கும் உரிமை வழக்கின் ஒரு தரப்பாருக்கே எங்ஙனம் வாய்த்தது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

பண்டைய உரோமாபுரியில் விற்றவர் இவ்வளவு எளிதாகக் கைகழுவிவிட இயலாது. சந்தைகளை மேற்பார்த்துவந்த ஈடைல்கள் என்னும் அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவர்தம் நோயையும் குறையையும் விற்குமுன் வெளிப்படக் கூறவேண்டுமென ஆணை பிறப்பித்திருந்தனர். கூறாத குறை பின்னர்த் தெரியவரின், 6 திங்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அன்றி ஓராண்டுக்குள் விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். 'எனக்கே தெரியாது' என்று விற்றவர் சொல்வது எடுபடாது. மனிதரை மாட்டோடு சேர்த்து விலைபேசிய கொடுமை அவ்வாணையில் படிந்திருக்கிறது என்பதை மறப்பதற்கில்லை. ஆயினும் மறைகுறைக்கு விற்றவரே பொறுப்பு என்னும் கருத்து அங்கே தெளிவுற வரையறுக்கப்பட்டதைக் காண்கிறோம்.

ஆங்கில நாட்டுச் சட்டம் நேர்மாறான வழியிற் சென்றது. வாங்குபவனே விழிப்பாய் இருக்கக்கடவன் என்பதே அந்நாட்டார் கொள்கை. இதற்குச் சான்றாக 1603ஆம் ஆண்டு வழக்கொன்றைச் சட்ட மாணவர் இன்றும் பயில்கின்றனர். ஆட்டின் இரைப்பையில் விளையும் பெசோவார் என்னும் கல், நஞ்சை முறிக்கவல்லது என்று அக்காலத்து ஐரோப்பியர் நம்பினர். நம் மருத்துவர் கோரோசனையைப் போற்றியதை ஒத்தது அந்நம்பிக்கை. சாண்டிலர் என்னும் பொற்கொல்லர், பெசோவார் என்று சொல்லி ஒரு கல்லை லோப்பஸ் என்பவருக்கு 100 பவுனுக்கு விற்றார். அது பெசோவார் அன்று என்று பின்னர்த் தெரிந்தது. லோப்பஸ் வழக்காடினார், தோற்றார். பொற்கொல்லர் 'இது பெசோவார்' என்று சொன்னாரேயன்றி, 'இது பெசோவார் என்று உறுதி கூறுகிறேன்' என்று சொல்லவில்லையாம்! நீதிபதிகளுள் ஒருவர் மட்டும் மாறுபட்டார். மற்றையோர் கண்ட வேறுபாடு நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இன்று உத்தரவாதம் என்று நாம் வழங்கும் சொல்லுக்கு இத்துணை முதன்மை ஏற்பட்டது அங்ஙனந்தான். உறுதிச்சொல் இல்லையேல் உரிமை இல்லை.

இக்கடுமை நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1815இல் கழிவுப் பட்டு மூட்டைகளைப் பற்றிய கார்டினர் வழக்கில், குப்பைமேட்டில் கொட்டுவதற்காக எவரும் சரக்கு வாங்குவதில்லை என்று எல்லன்பரோ பிரபு கருத்துரைத்தார். வாங்குபவர் பார்த்துச் சோதிக்க வாய்ப்பில்லாத சரக்கு, விலைபோகத்தக்க தரத்திலேனும் இருத்தல் வேண்டும். அதற்குத் தனியே உறுதிமொழி வேண்டியதில்லை. இக்கோட்பாடு 1893ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இடம்பெற்றது. அதை அடியொற்றியதே 1930ஆம் ஆண்டு இயற்றப்பட்டு இன்றும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ள சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 16ஆம் பிரிவு இந்தத் தரத்தை வாங்குபவருக்கு அளிக்கின்றது. 62ஆம் பிரிவோ, இருதரப்பாரும் வெளிப்படையாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதை விலக்கிவிடலாம் என்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்வதற்கு இடம் வைத்த சட்டம் அது.

அந்த இடத்தில்தான் அச்சிட்ட உத்தரவாதச் சீட்டு வந்து அமர்ந்தது. பொதுமக்கள் அச்சீட்டைத் தமக்குக் கிடைத்த வரம் என்று கருதுகின்றனர். அதை எழுதிய வழக்கறிஞர்களோ நிறுவனத்தின் பொறுப்புக்கு வேலி கட்டவே அதை எழுதினர் என்பது என் துணிபு. இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவில் எழுந்த ஹென்னிங்சன் வழக்கு. 1955ஆம் ஆண்டு மே திங்களில் ஒருவர் தம் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாக ஒரு புதிய பிளிமத் மோட்டார் வண்டி வாங்கினார். பத்து நாட்களுக்குள் அம்மையார் ஓட்டிச் செல்கையில் வண்டியின் திசைதிருப்பும் பொறி கெட்டு, வண்டி சுவரில் மோதியது. விற்பனைத் தாளின் பின்புறத்தில் பொடி எழுத்தில், 90 நாட்கள் அல்லது 4,000 மைல் வரை பழுதுபட்ட உறுப்பை மாற்றித் தருவதே தங்கள் முழுப் பொறுப்பு என்றும், வேறெந்தப் பொறுப்பும் தங்களுக்கு இல்லை என்றும் அச்சிட்டிருந்தது. நியூ ஜெர்ஸி மாநில உச்ச நீதிமன்றம் 1960இல் அவ்வாசகத்தைச் செல்லாதென்று தள்ளியது. எல்லா உற்பத்தியாளரும் ஒரே வாசகத்தை நீட்டும்போது, வாங்குபவர் கையொப்பமிடுவதை எங்ஙனம் உடன்பாடு என்பது?

இனி மடிக்கணினியின் கூட்டுக்கு வருவோம். கையில் தூக்கிச் செல்லும் கணினிகளுள் மூடியைக் கீலில் மடித்து வைக்கும் அமைப்பை முதலில் கொண்டுவந்தவற்றுள் ஒன்று, 1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ். பில் மாக்ரிட்ஜ் என்பார் அதை வடிவமைத்தார். அதன் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. விலை 8,000 டாலருக்கு மேல். விண்வெளி ஓடத்திலும் அது பயணம் செய்தது. அவ்வளவு விலை கொடுக்க இயலாத பெருந்திரளான மக்களுக்கு வந்து சேர்ந்தது பிளாஸ்டிக் கூடு. 1953இல் ஜெர்மனியில் ஷ்னெல் என்பவரும் அமெரிக்காவில் ஃபாக்ஸ் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்த பாலிகார்பனேட்டும், அதனோடு ஏபிஎஸ் என்னும் மற்றொரு பிளாஸ்டிக்கைக் கலந்த கலவையும் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் சிதறாத உறுதி பாலிகார்பனேட்டுக்கு உண்டு. ஆனால் இடைவிடாத இழுவிசைக்கு உட்பட்டு, சிலவகை எண்ணெயோ கரைப்பானோ மேலே படுமாயின், நாளடைவில் தானே வெடிக்கும் இயல்பும் அதற்கு உண்டு.

கீல் செய்யும் வேலையைச் சற்று எண்ணிப்பாருங்கள். திரையை எந்தக் கோணத்தில் விட்டாலும் அது அங்கேயே நிற்கவேண்டும். அதற்காகக் கீலினுள் உராய்வு வேண்டுமென்றே வைக்கப்படுகின்றது. மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவ்வுராய்வை வெல்ல நாம் இடும் விசை, கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகளைச் சென்று தாக்கும். அத்திருகாணிகள் பற்றியிருப்பதோ, பிளாஸ்டிக் குமிழ்களினுள் பதித்த சிறு பித்தளை மரைகளை. மடிக்கணினி மெலிய மெலியக் குமிழ்களும் குறுகின. கீலின் மசகு காய்ந்து இறுகினால், முழு விசையும் அக்குமிழ்களின்மேல் விழுகின்றது. ஒரு நாள் பித்தளை மரை குமிழோடு பெயர்ந்து வருகின்றது. வெளியே நாம் காண்பது விரிசல்.

கீழே விழுந்த கணினியின் விரிசல் வேறு விதமானது. ஏதேனுமொரு மூலை நசுங்கியிருக்கும். அவ்விடத்திலிருந்து கீற்றுகள் பரவும். அடிபட்ட வடுவே இல்லாமல், கீலின் குமிழிலிருந்து தொடங்கிய விரிசலைக் கண்டவுடன் உபயோகித்தவர் மேல் பழி சுமத்துவது நேர்மையாகாது. மூடியைத் திறந்து மூடுவது கணினியைத் துன்புறுத்துவதா? அது அதற்கென்றே ஆனதல்லவா?

விரிசல் தயாரிப்பின் குறையாக இருக்கக்கூடும் என்பதை உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளும் உண்டு. 2006இல் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட வெண்ணிற மேக்புக்கில், மூடியின் விளிம்பிலிருந்த சிறு முட்டுகள் கைவைக்கும் தட்டின் ஓரத்தில் அழுந்திய இடங்களில் கீற்றுகள் தோன்றின. பலருக்கு மேல்தட்டைக் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தனர். 2009 அக்டோபருக்கும் 2011 ஏப்ரலுக்கும் இடையே அனுப்பப்பட்ட மேக்புக்குகளில் அடித்தட்டின் ரப்பர் உரை பெயர்ந்தபோது, அதற்கெனத் தனித்திட்டமே அறிவித்தனர். பலரும் ஒரே இடத்தில் ஒரே வகைக் குறையைக் காட்டியபோது, 'உங்கள் கை செய்த வேலை' என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க இயலவில்லை.

குறை யாருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையை யார்மேல் வைப்பது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் 1975இல் இயற்றிய மாக்னூசன்-மாஸ் சட்டம், உத்தரவாதம் தருவோர் அது முழுமையானதா வரையறைக்கு உட்பட்டதா என்று தெளிவாகக் குறிக்கவேண்டும் என்றது. தங்கள் உறுப்பையே வாங்கவேண்டும், தங்களிடமே பழுது பார்க்கவேண்டும் என்று கட்டணச் சேவையோடு உத்தரவாதத்தைப் பிணைப்பதையும் பொதுவாகத் தடுத்தது. 'இந்த வில்லையைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும்' என்று திருகாணிமேல் ஒட்டும் பழக்கத்தை எச்சரித்து, 2018இல் அந்நாட்டு வாணிக ஆணையத்தார் 6 நிறுவனங்களுக்குக் கடிதம் விடுத்தனர். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1999ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பொருள் கைக்கு வந்த 6 திங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிப்பது விற்றவர் கடன். 2022ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதி அதை ஓராண்டாக்கியது. உரோமாபுரிச் சந்தையின் ஆணை புத்துருவில் திரும்பி வந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது.

நம் சட்டத்தில் இத்தகைய அனுமானம் எழுதப்படவில்லை. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் உற்பத்திப் பொறுப்பு என்று புதிய அத்தியாயமே உண்டு. ஆனால் விரிசல் கண்ட கணினியை ஏந்தி அவ்வத்தியாயத்தின் வாயிலில் நிற்பதில் பயனில்லை. குறையுள்ள பொருள் பிறருக்கும் பிற உடைமைக்கும் விளைக்கும் கேட்டையே அது கருதுகிறது. பொருளுக்கே நேர்ந்த கேட்டை விலக்கிவிட்டது. நமக்கு உதவுவது, குறையுடைய பொருளைப் பற்றி முறையிடும் பழைய வழியே. அவ்வழியும் எளிதாக்கப்பட்டிருக்கிறது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. முறையீட்டுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரை காலம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்ய இயலாத குறையாயின், பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி 45 நாட்களுக்குள் அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கூட்டின் விரிசலைப் பொறுத்தவரை இவ்விதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். சர்வீஸ் சென்டரின் மேசைமேல் ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும் தீர்ப்பை, இருதரப்பும் சாராத ஒருவர் உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்க்கும்படி செய்ய அது இடந்தருகிறது.

ஆய்வுக்குரிய சான்று அதுவரை அழியாமல் இருக்கவேண்டுமே! அங்குதான் பலரும் தம் வழக்கை இழந்துவிடுகின்றனர். கீற்றுத் தெரிந்தவுடன் பசை தடவி ஒட்டிவிடுகின்றனர். அன்றித் தெருக்கோடியிலுள்ள கடையில் கொடுத்துத் திருகாணியை மாற்றிவிடுகின்றனர். பிறகு குமிழ் முதலில் எப்படிப் பெயர்ந்தது என்பதை எவராலும் சொல்ல இயலாது. கீற்றுச் சிறிதாக இருக்கும்போதே, நான்கு மூலைகளிலும் அடிபட்ட வடு இல்லை என்பது புலப்படும்படி நாள் குறித்துப் படமெடுத்து வைத்தல் நலம். குறையை நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதும் உத்தரவாதக் காலத்திற்குள் நிகழ்ந்துவிட வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் கணினியை வாங்கிக்கொள்ளும்போது ஜாப் ஷீட் என்றொரு தாளில் கையொப்பம் கேட்பார்கள். பொருளின் நிலை என்ன என்று அதில் அவர்கள் முன்னரே எழுதியிருப்பார்கள். 'புறச்சேதம் உள்ளது' என்று மட்டும் அதில் கண்டால், 'வலக்கீலருகே விரிசல். வேறெங்கும் அடிபட்ட அடையாளம் இல்லை. கீழே விழவில்லை' என்று தம் கைப்பட எழுதிச் சேர்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். மறுத்து அனுப்புவார்களாயின், மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். மாவட்ட ஆணையத்தின்முன் முதலில் விரித்துப் பார்க்கப்படும் தாள்கள் இவ்விரண்டும் விலைச்சீட்டுமே.