பழ ஈக்களின் உயிர்க்கடிகார ஆய்வு வரலாறு: முந்துவனவும் பிந்துவனவும்

முன்னுரை

உயிர்க்கடிகார ஆய்வின் வரலாறு பெரும்பாலும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை முடிவிடமாகக் கொண்டே எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் ‘பீரியட்’ என்னும் மரபணு முதலிடம் பெறுகிறது. ஒரே இனத்து ஈக்களுள் சில முந்தியும் சில பிந்தியும் இயங்குவது ஏன் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. அவ்வினாவின் வழி இவ்வரலாற்றை மீளப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடியலும் வெளிவருகையும்

பழ ஈயின் அறிவியற்பெயரான ‘டுரோசோஃபிலா’ என்பதற்குப் பனியை விரும்புவது என்று பொருள். கூட்டுப்புழு உறையிலிருந்து ஈ பெரும்பாலும் விடியலை ஒட்டியே வெளிவருகிறது. அவ்வேளையை அடைவதற்குள் வளர்ச்சி நிறைவுறாத ஈ, மறுநாள் விடியல் வரை உறைக்குள்ளேயே தங்குகிறது. வெப்பநிலை மாறினாலும் இந்த ஒழுங்கின் சுற்றுக்காலம் பெரிதும் மாறுவதில்லை என்பதைக் காலின் பிட்டென்ட்ரி 1954இல் காட்டினார்.

அவர் 1967இல் வெளியிட்ட ஆய்வு மேலும் குறிப்பிடத்தக்கது. ‘சூடோஅப்ஸ்கியூரா’ இனத்து ஈக்களுள் முந்தி வெளிவந்தவற்றையும் பிந்தி வெளிவந்தவற்றையும் அவர் ஏறத்தாழ 50 தலைமுறைகள் தனித்தனியே தெரிந்து வளர்த்தார். இரு வழியினருக்கும் இடையே சுமார் 4 மணிநேர வேறுபாடு தோன்றியது. எனவே, நேர வேறுபாடு மரபுவழிப்பட்டது என்பது உறுதியாயிற்று. எனினும், எதிர்பார்ப்புக்கு மாறாகப் பிந்தும் ஈக்களின் சுற்றுக்காலமே குறுகியிருந்தது. தெரிவு மையக் கடிகாரத்தை மாற்றவில்லை, அதனால் இயக்கப்படும் பகுதியையே மாற்றியது என அவர் கருதினார்.

ஒற்றை மரபணுவின் எழுச்சி

ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் 1971இல் வேறு வழியை மேற்கொண்டனர். வேளை தவறி வெளிவரும் ஈக்களிடையே அவர்கள் மூன்று திரிபுகளைக் கண்டறிந்தனர். ஒன்றின் சுற்றுக்காலம் 19 மணிநேரம். மற்றொன்றினது 28 மணிநேரம். மூன்றாவதற்கு ஒழுங்கே இல்லை. மூன்றும் எக்ஸ் குரோமோசோமின் ஒரே இடத்தில் அமைந்திருந்தன. அம்மரபணு 1984இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் குழுவாலும் மைக்கேல் யங் குழுவாலும் பிரித்தெடுக்கப்பட்டது. அது உருவாக்கும் புரதம் திரண்டு தன் மரபணுவையே அடக்கும் பின்னூட்டச் சுழற்சி 1990இல் முன்மொழியப்பட்டது. கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு இது விடை தந்தது. ஆயினும், ஆய்வகத் திரிபு ஏதுமற்ற இயல்பான கூட்டத்தில் காணும் முந்தல், பிந்தல் வேறுபாட்டை இது முழுதும் விளக்கவில்லை.

பெங்களூருவில் மீண்ட வினா

பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் விஜய் குமார் சர்மாவின் குழு இவ்வினாவை மீண்டும் எடுத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் காலவுயிரியலை வளர்த்த எம். கே. சந்திரசேகரன் பின்னர்ப் பணியாற்றிய மையமும் இதுவே. இக்குழு ‘மெலனோகாஸ்டர்’ இனத்தில் காலையில் வெளிவருவனவற்றையும் மாலையில் வெளிவருவனவற்றையும் நான்கு நான்கு கூட்டங்களாகத் தெரிந்து வளர்த்தது. அதன் முடிவுகள் 2007இல் வெளிவந்தன. 55 தலைமுறைகளுக்குப் பின் முந்தும் ஈக்களின் சுற்றுக்காலம் குறுகியும், பிந்துவனவற்றினது நீண்டும் இருந்தன. ஒளிக்கு அவற்றின் கடிகாரங்கள் காட்டிய எதிர்வினையும் வேறுபட்டது. அதாவது, இங்குக் கடிகாரமே மாறியிருந்தது.

முடிவுரை

இரு தெரிவு ஆய்வுகளும் எதிரெதிர் முடிவுகளைத் தந்துள்ளன. இனமும் ஆய்வுமுறையும் வேறாதலின், ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குகிறது எனக் கொள்வது பொருந்தாது. ஒரே முந்தலைக் கடிகாரத்தை மாற்றியும் அடையலாம், அதனால் இயக்கப்படும் பகுதியை மாற்றியும் அடையலாம் என்பதே இவற்றால் பெறப்படுகிறது. மரபணுவை மட்டும் பின்தொடரும் வரலாறு இவ்வுண்மையைத் தவறவிடுகிறது. கடிகாரத்தின் பொறியமைப்பைக் கண்டறிந்த வரலாற்றோடு, அதன் வேறுபாடுகளைத் தேடிய வரலாறும் இணைத்து எழுதப்பட வேண்டும்.