தேய்ந்த பல் கூறும் வரலாறு

குதிரையின் பல்லைப் பார்த்து அதன் வயதைக் கூறுதல் பழைய வழக்கம். பல்லைக் கொண்டு குதிரையினத்தின் வரலாற்றையே ஆராய முனைந்தவர் விளாடிமிர் கோவலெவ்ஸ்கி என்னும் இரசிய அறிஞர்.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலிருந்த பண்டைக் குதிரைகளின் உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து, 1873ஆம் ஆண்டில் அவர் தம் முடிபுகளை வெளியிட்டார். இலை தின்ற முன்னோரின் கடைவாய்ப் பற்கள் குட்டையானவை. புல் மேயும் வழித்தோன்றல்களின் பற்களோ நெடியவை. புல்லிலுள்ள சிலிக்காத் துணுக்குகளும் அதனோடு வாய்க்குட் செல்லும் மண்ணும் பல்லை அராவுவன. ஆகவே, உணவின் மாற்றமே பல்லின் மாற்றத்துக்குக் காரணம் எனக் கருதப்பட்டது. 1883இல், நாற்பதாம் வயதில், கோவலெவ்ஸ்கி மறைந்தார்.

அக்கருத்தைச் சோதித்தற்கான சான்று பல்லின் தேய்விலே இருந்தது. இலையை மெல்லும் முலையூட்டிகளின் பல்முகடுகள் ஒன்றோடொன்று உரசிக் கூர்மையாக நிற்கும். புல்லை மெல்வனவற்றின் முகடுகள் மழுங்கித் தாழும். பல்லின் உருவம் முன்னோர் வழி வந்தது. தேய்வோ அவ்விலங்கு தானே உண்ட உணவின் பதிவு.

குதிரையினம் பெரிதும் வளர்ந்த நிலம் வட அமெரிக்கா என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அங்கு ஐந்தரைக் கோடி ஆண்டுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 6,500 குதிரைகளின் பற்றேய்வை மிகில்பாக்லர் முதலிய ஆய்வாளர் ஆராய்ந்து, 2011இல் முடிபுகளை வெளியிட்டனர். பழைய கருத்து உறுதிப்பட்டது. ஆயினும் புதியதொன்றும் புலனாயிற்று. உணவு முதலில் மாறிற்று. பற்களோ பத்து இலட்சம் ஆண்டுகளும் அதற்கு மேலும் பிந்தியே நெடியனவாயின. பல்லின் உருவத்தை மட்டும் நோக்கியிருப்பின், அந்நெடிய இடைவெளி அறியப்படாமலே போயிருக்கும்.