கேம்ப் 4 - பாறை ஏறிகளின் பேச்சும் வாழ்க்கையும்

வரலாற்றுச் சின்னம் என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டை, அரண்மனை, கல்வெட்டு, யாராவது தலைவர் பிறந்த வீடு. ஆனால் அமெரிக்க அரசின் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலில் 2003 பிப்ரவரி 21-ந் தேதி சேர்ந்த ஓர் இடத்தில் இவை எதுவுமே கிடையாது. புழுதி, மரங்கள், வீடு அளவுக்குப் பெரிய உருண்டைப் பாறைகள், கூடாரம் போட இடம், சில மேசைகள். அவ்வளவுதான்! அதன் பெயர் கேம்ப் 4. கலிபோர்னியா மாநிலத்தின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருக்கும் ஒரு சாதாரண கூடார முகாம்.

இந்தப் புழுதிக்கு எதற்கு இந்த மரியாதை? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

யார் இவர்கள்?

யோசெமிட்டி ஒரு பள்ளத்தாக்கு. இரு பக்கமும் செங்குத்தான கிரானைட் சுவர்கள். அவற்றில் பெரியது எல் காபிடன், சுமார் 900 மீட்டர் உயரம். எதிர்க்கோடியில் பாதியாக வெட்டிய பந்து மாதிரி நிற்பது ஹாஃப் டோம். இந்தச் சுவர்களில் ஏற வந்தவர்கள் தங்கிய இடம்தான் கேம்ப் 4.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இங்கே பெரிய சுவர்களில் ஏறுவது சூடு பிடித்தது. ஜான் சலாத்தே சுவிட்சர்லாந்தில் பிறந்த கொல்லர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பாறை ஏறத் தொடங்கியவர். அப்போது கிடைத்த இரும்பு ஆணிகள் கிரானைட் விரிசலில் அடித்தால் வளைந்துவிடும். சலாத்தே தன் பட்டறையில் கடினமான எஃகில் ஆணி செய்தார். பாறை ஏறுபவர்கள் இந்த ஆணியைப் பிட்டன் என்பார்கள். 1947-ல் அவரும் ஆன்டன் நெல்சனும் லாஸ்ட் ஆரோ என்ற ஊசிப் பாறையை 5 நாளில் ஏறி முடித்தார்கள். ராத்திரி தூக்கமும் அந்தச் சுவரிலேயேதான்.

1957-ல் ராயல் ராபின்ஸ், ஜெர்ரி கால்வாஸ், மைக் ஷெரிக் ஆகிய மூவரும் ஹாஃப் டோமின் வடமேற்கு முகத்தை ஏறினார்கள். அதே முகத்தின் மேல் கண் வைத்திருந்த வாரன் ஹார்டிங் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தார். சரி, இது போனால் என்ன என்று எல் காபிடன் பக்கம் திரும்பினார். நோஸ் என்ற அந்த வழியை முடிக்க ஒரு வருஷத்துக்கும் மேலாக விட்டு விட்டு சுமார் 45 நாட்கள் ஆயின. அகலமான விரிசல்களுக்குத் தோதான ஆணி இல்லாததால், பழைய அடுப்புகளின் இரும்புக் கால்களை ஆணியாக அடித்தார்கள்! அந்தப் பகுதிக்கு இன்றும் அடுப்புக்கால் விரிசல்கள் என்றுதான் பெயர். 1958 நவம்பர் 12 அன்று ஹார்டிங், வேன் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் மூவரும் உச்சியைத் தொட்டார்கள்.

சாப்பாடும் தங்கலும்

இந்தச் சாதனைகளைப் பற்றி எழுதுபவர்கள் ஏராளம். ஆனால் ஏறாத நாட்களில் இவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது.

பெரும்பாலானவர்களிடம் பணம் கிடையாது. இவான் சூனார்ட் என்ற இளைஞர் தானே கொல்லு வேலை கற்றுக்கொண்டு, ஆணி செய்து, கார் டிக்கியில் வைத்து ஒன்று ஒன்றரை டாலருக்கு விற்றார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்குள்தான் செலவு. ஒரு கோடையில் நசுங்கிப்போன பூனை உணவு டப்பாக்களை மலிவாக வாங்கி அதையே சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பிற்பாடு படகோனியா என்ற உடை நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான் என்றால் நம்ப முடிகிறதா?

முகாமில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது அன்றைய விதி. நாள் முடிந்ததும் ரேஞ்சர்கள் கண்ணில் படாமல் பின்னால் இருக்கும் பாறைகளுக்கு இடையே போய்ப் படுத்துக்கொள்வார்கள். பக்கத்து உணவகத்தில் சுற்றுலாப் பயணிகள் மீதி வைத்த தட்டில் கை வைப்பதும் உண்டு. இப்படி வாழ்பவர்களுக்கு டர்ட்பேக் என்று பெயர். நம் ஊர் வசவு மாதிரி காதில் விழும், ஆனால் அவர்களுக்கு அது பட்டம் :-)

இன்னொரு பக்கமும் உண்டு. சுவரில் யாராவது மாட்டிக்கொண்டால் போய் மீட்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். எனவே 1970களில் ஜிம் பிரிட்வெல் போன்றவர்கள் மீட்புக் குழுவில் சேர்ந்தார்கள். பூங்கா நிர்வாகம் பதிலுக்கு முகாமில் நிரந்தரமாகத் தங்க இடம் கொடுத்தது. துரத்தியவரும் துரத்தப்பட்டவரும் ஒரே கயிற்றைப் பிடிக்க வேண்டிய நிலைமை!

அவர்கள் பேசிய மொழி

சுவரில் பேசும் பேச்சு ரொம்பச் சுருக்கம். ஏறுபவர் "ஆன் பிலே?" என்று கேட்பார். கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர் "பிலே ஆன்" என்பார். "க்ளைம்பிங்" என்று சொல்லிவிட்டு, "க்ளைம்ப் ஆன்" என்ற பதில் வந்த பிறகுதான் அவர் கால் தரையை விட்டு எழும்பும். கயிறு கையில் இருக்கிறதா, இருக்கிறது, கிளம்புகிறேன், கிளம்பு. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு வார்த்தை காற்றில் தவறிப் போனாலும் உயிர் போகலாம். அதனால்தான் அலங்காரமே கிடையாது.

கீழே வந்த பிறகு பேச்சே வேறு. முதல் கேள்வி, எவ்வளவு கடினம்? இதற்கு ஓர் எண் முறை வைத்திருக்கிறார்கள். 1 என்றால் வெறும் நடை. 5 என்றால் கயிறு கட்டி ஏற வேண்டியது. 6 என்றால் ஆணியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டியது. 1950களில் தெற்குக் கலிபோர்னியாவின் டாக்விட்ஸ் பாறையில் 5-ஐ மட்டும் 5.0 முதல் 5.9 வரை பிரித்தார்கள். மனிதனால் 5.9-க்கு மேல் முடியாது என்ற நினைப்பு. ஆனால் அதைவிடக் கடினமானதையும் ஏறிவிட்டார்கள்! அடுத்து 6.0 என்று போட முடியாது, அது வேறு வகை. எனவே 5.10, 5.11 என்று நீட்டினார்கள். இன்று 5.15 வரை வந்தாயிற்று. கணக்கு வாத்தியார் 5.10-ஐப் பார்த்தால் அது 5.1 தானே என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் இந்தத் தப்புக் கணக்குக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. இதுதான் எல்லை என்று ஒரு தலைமுறை போட்ட கோட்டை அடுத்த தலைமுறை தாண்டியதற்கான தழும்பு அது.

சண்டை

கேம்ப் 4-ல் மணிக்கணக்கில் நடந்த வாதம் ஒன்றே ஒன்றுதான். எப்படி ஏறினால் அது ஏறியதாகக் கணக்கு? பாறையில் துளை போட்டு போல்ட் அடித்துக்கொண்டே போனால் யார் வேண்டுமானாலும் எங்கும் ஏறலாமே, அதில் என்ன பெருமை என்பது ராபின்ஸ் தரப்பு. என் இஷ்டம், உனக்கென்ன என்பது ஹார்டிங் தரப்பு.

1970-ல் ஹார்டிங்கும் டீன் கால்ட்வெல்லும் எல் காபிடனில் 27 நாட்கள் தொங்கி, நூற்றுக்கணக்கில் துளை போட்டு ஒரு புதிய வழி போட்டார்கள். நடுவில் புயல். பூங்கா நிர்வாகம் மீட்க ஏற்பாடு செய்தபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். உச்சியில் பத்திரிகைக்காரர்கள் கூட்டம். கடுப்பான ராபின்ஸ் 1971-ல் டான் லாரியாவுடன் அதே வழியில் ஏறி, போல்ட்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போனார். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திவிட்டார். ஏற ஏற ஹார்டிங்கின் திறமை அவருக்குப் புரிந்துவிட்டது. வாதத்தில் எதிரி சொன்னதைவிட, எதிரி செய்த வேலையைத் தொட்டுப் பார்த்ததுதான் அவரை மாற்றியது.

அடுத்த பிரச்சினை இதைவிடப் பெரியது. எஃகு ஆணியை அடிப்பதும் பிடுங்குவதுமாக இருந்ததில் விரிசல்கள் சிதைந்துகொண்டே வந்தன. இங்கிலாந்தில் ரயில் பாதையோரம் கிடந்த நட்டுகளில் கயிறு கோத்து, விரிசலில் கையாலேயே சொருகும் பழக்கம் இருந்தது. ராபின்ஸ் அதைப் பார்த்துவிட்டு வந்து, 1967-ல் மனைவி லிஸ் ராபின்ஸுடன் ஒரு வழியை நட்டுகளை மட்டும் வைத்து ஏறிக் காட்டினார். சூனார்டின் வியாபாரத்தில் சுமார் 70 சதவீதம் ஆணிதான். அப்படியிருந்தும் 1972-ல் அவருடைய பொருள் பட்டியல் புத்தகமே ஆணியை விடுங்கள், நட்டுக்கு மாறுங்கள் என்றது. தன் கடையில் அதிகம் விற்கும் சரக்கை வாங்காதீர்கள் என்று சொன்ன வியாபாரி எத்தனை பேர் இருப்பார்கள்? எந்தச் சட்டமும் போடாமல் சில வருஷங்களிலேயே பழக்கம் மாறியது.

பெண்களும் இந்தக் கதையில் உண்டு. 1973-ல் பெவர்லி ஜான்சனும் சிபில் ஹெக்டலும் எல் காபிடனை ஏறிய முதல் பெண்கள் ஜோடி. 1993-ல் லின் ஹில், கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கை கால் பலத்திலேயே நோஸ் வழியை ஏறினார். அதுவரை ஆண் பெண் யாருமே செய்யாதது அது. ஹார்டிங் அடுப்புக்கால் அடித்த அதே வழி!

முகாமைக் காப்பாற்றிய கதை

1997 ஜனவரியில் மெர்சிட் ஆற்றில் பெருவெள்ளம். பூங்கா ஊழியர்களின் குடியிருப்புகள் பல அழிந்தன. புதிய கட்டடங்களை கேம்ப் 4-ஐ ஒட்டிக் கட்டத் திட்டம் போட்டார்கள். 1960களில் இங்கே ஏறிய டாம் ஃப்ராஸ்ட் எதிர்த்துக் கிளம்பினார். அமெரிக்க ஆல்பைன் கிளப் துணை நின்றது. வழக்கு போட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது, 2003-ல் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பாறை ஏறும் விளையாட்டை வளர்த்ததில் இந்த இடத்துக்கு இருந்த பங்குதான் காரணம்.

இதோடு முடித்திருந்தால் சந்தோஷமான கதை. ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பள்ளத்தாக்கு அவானீச்சி என்ற பழங்குடிகளின் ஊர். 1851-ல் மாரிபோசா படை அவர்களை இங்கிருந்து விரட்டியது. திரும்பி வந்தவர்களுக்காக 1930களில் கேம்ப் 4-க்கு மேற்கே சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். 1969 வாக்கில் அவையும் அகற்றப்பட்டன. பாறை ஏறிகள் நட்டா ஆணியா என்று முகாமில் சூடாக விவாதித்த அதே வருஷங்கள்! விதியை மீறித் தங்கியவர்களின் முகாம் வரலாறு ஆனது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் வீடுகள் போயே போயின.

இரண்டு இடத்திலும் பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது, சண்டை இருந்தது. ஒரு தரப்பின் பேச்சு புத்தகமாக, பட்டியலாக, வழக்கு மனுவாக எழுத்தில் ஏறியது. வரலாறு என்பது நடந்தவற்றின் தொகுப்பு என்று நாம் பரீட்சையில் எழுதுகிறோம். கேம்ப் 4-ஐப் படித்தபின் எனக்குத் தோன்றுவது வேறு. தனக்காகப் பேச ஆளும், எழுதி வைக்க எழுத்தும் இருப்பவர்களின் இடம்தான் வரலாற்றுச் சின்னம் ஆகிறது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சொல்லுங்கள்.